ஊர்ப்பெயர் எழுதிய கற்கள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் எல்லைப்புறக் கிராமங்களில், கிணறு வெட்டினாலும், வீடு கட்ட வானம் தோண்டினாலும், வெள்ளறடைப் பக்கத்துப் பாறைமடைகளில் வெடிவைத்துப் பிளந்தாலும், வெளிப்படுவன மேலே செம்மண்ணும் வெட்டுகல்லும், அவற்றின் அடியில் செம்மணிகள் சிதறிக் கிடக்கும் வரிவரியான பாறையுமே. அந்தப் பாறையை எத்தனை சிரத்தையோடு உடைத்துப் பார்த்தாலும் ஒரு சிப்பியோ, ஓர் இலைத் தடமோ, ஒரு மீன் முள்ளோ அதில் அகப்படுவதில்லை. கொண்டலைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் இப்பாறையும் ஆதியில் நீரடியிலே படிந்த சேறாகவும் களிமண்ணாகவும் இருந்ததுதான் என்றும், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிப் பொருந்திய காலத்தில் அது 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்று, 800 பாகைக்கும் மிகுந்த உஷ்ணத்தில் வெந்து உருமாறிற்று என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சேறு படிந்த யுகத்தில் கண்ணுக்குப் புலப்படும் சிப்பிகளே உலகில் தோன்றியிருக்கவில்லை. நுண்ணுயிர்கள் மட்டும் இருந்தன. அவற்றின் உடலில் இருந்த கரி, அந்த வெப்பத்திலும் முற்றும் அழியாமல், பென்சில்கரியாக இறுகிப் பாறையின் வரிகளுக்கிடையே இன்றும் மின்னிக்கொண்டிருக்கிறது என்பது இக்கரியை நுணுகி ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சாம்பல் நிற மினுக்கத்துக்கு மேல் எங்கள் ஊர்ப் பாறை பழைய ஜீவராசிகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பாஸில் என்று இங்கிலீஷ்காரர்கள் வழங்கும் தொல்லுயிர் எச்சங்களைத் தேடித் திரிவதையும், தேடிக் கொண்டுவந்தவற்றைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வதையும் ஆயுள் முழுவதற்குமான பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவன், அவை அறவே இல்லாத இந்தப் பிரதேசத்தில் பிறந்தது எவ்வாறு என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மண்ணில் அவை விளையவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் மண்ணுக்கு அவை வந்து சேர்ந்திருந்தன. நெய்யாற்றின்கரையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் பூஜையறையில், செப்புத் தட்டில் துளசியின்மேல் வைக்கப்பட்டிருந்த சாளக்கிராமமே நான் பார்த்த முதல் பாஸில். கருநிறமான, வழவழப்பான, முட்டை வடிவக் கல். அதன் ஒரு பக்கத்தில் திறந்திருந்த துவாரத்தின் உள்ளே, பள்ளமும் வரப்புமாக ஒரு சுருள் சுற்றிச் சுற்றி உட்சென்றது. அபிஷேக ஜலத்தைத் துடைத்துவிட்டு அவர் அதை விளக்கருகே சாய்த்துக் காட்டியபோது, சுருளின் வரப்புகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் விழுந்தது. "தொடாதே, பாரு மட்டும். கண்டகியிலேருந்து வந்தது," என்றார்.

நேபாளத்தில் முக்திநாத்துக்கு அருகே ஓடும் காளி கண்டகியின் படுகையில் கிடைக்கும் இக்கற்கள், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே பரந்திருந்த ஜுராஸிக் காலத்துக் கடலின் கருங்களிமண்ணில் புதைந்த அம்மோனைட் என்னும் பிராணியின் ஓடுகளையும் அவற்றின் அச்சுகளையும் உடையவை. வஜ்ரகீடம் என்ற ஒரு புழு கல்லைக் குடைந்து இந்தச் சக்கரங்களைச் செய்கிறது என்று நம் முன்னோர் கூறினார்கள். பூர்வ காலத்து ஐதீகம்தானே என்று அதைத் தள்ளிவிட என் மனம் ஒருபோதும் ஒப்பியதில்லை. ஏனெனில், இந்த வடிவம் கல்லின் சொந்த ஸ்வபாவத்தால் ஆனதன்று, ஓர் உயிர் இதனுள் இருந்திருக்க வேண்டும் என்ற அடிப்படையான உணர்வு அதில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட பத்மநாப சுவாமியின் திருமேனி கடுசர்க்கரை யோகம் என்னும் சாந்துக் கலவையில் 12,008 சாளக்கிராமங்களையும், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களையும் உள்ளடக்கியவை என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. பாஸில் அரிதான தென் திருவிதாங்கூருக்கு எத்தனையோ ஆயிரம் பாஸில்கள் இமயத்திலிருந்து சுமந்துவரப்பட்டு, மிகுந்த பக்தியோடு பாதுகாக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றைச் சுமந்து வந்த யாத்திரிகர்கள் செய்த இன்னொரு காரியத்தை நான் வெகு காலம் கழித்தே உணர்ந்தேன்: கல்லோடு ஊர்ப்பெயரையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். கண்டகியிலிருந்து வந்தது என்ற செய்தி, கை மாறிக் கை மாறி, தலைமுறை கடந்தும் அந்தக் கல்லை விட்டு நீங்கவில்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றுவிட்டபின், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். எங்கள் தெருக்கோடியில், பூகர்ப்ப இலாகா ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து குடியேறினார். ஊரார் எல்லாரும் அவரைச் சார் என்றே அழைத்தோம். சாளக்கிராமத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளைக் கேட்டு மகிழ்ந்து, "பிள்ளே, அம்மாதிரிக் கல்லு பார்க்கணும்னா கண்டகிக்குப் போகணும். ஆனா சிப்பியும் சங்கும் பார்க்க கொல்லம் வரைக்கும் போனாப் போதும்," என்று அவர் கூறிய சொல்லே என் வாழ்க்கையின் ஓய்வு நேரங்களையெல்லாம் நிர்ணயித்தது.

கொல்லத்துக்கு வடகிழக்கே, அஷ்டமுடிக் காயலின் ஒரு கிளை ஓரத்தில் இருக்கிறது படப்பக்கரை. திருவிதாங்கூரில் ரெஸிடெண்டாக 1840 முதல் 1860 வரை இருந்த ஜெனரல் கல்லன், கல்லிலும் மண்ணிலும் தீராத ஆர்வம் கொண்டவர்; கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லை வெளியுலகம் அறியச் செய்தவர்களில் முதல்வர் அவரே. பின்னர் வில்லியம் கிங் என்பவர் 1882-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பூகர்ப்ப அமைப்பைப் பற்றி எழுதினார். அடுத்த வருஷம் ராபர்ட் புரூஸ் ஃபுட் தென் திருவிதாங்கூரைப் பற்றி எழுதினார். சார் இந்த அறிக்கைகளிலிருந்து தம் கையால் பிரதி செய்த குறிப்புகளை வைத்திருந்தார். அக்காலத்தில் பாறசாலைக்கு ரயில் கிடையாது; கன்னியாகுமரிப் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. ஆகையால் அமரவிளை வழியாகப் பஸ்ஸில் திருவனந்தபுரம் சென்று, அங்கிருந்து ரயிலில் கொல்லத்தை அடைந்து, குண்டறைப் பக்கம் போய், கடைசியில் வள்ளத்தில் ஏறிக் காயலைக் கடக்க வேண்டும்.

கரையில் செம்மண் மேடு செங்குத்தாக நிற்க, அதன் பாதத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, நீலச் சாம்பல் நிறக் களிமண்ணும் அதனிடையே கனம் குறைந்த சுண்ணாம்புக்கல் அடுக்கும் தலைகாட்டுகின்றன. காயலில் வேலியிறக்கம் வரும் நேரமே அதைப் பார்ப்பதற்குரிய நேரம். முதல் அரைமணி நேரம் வெறும் சேறும் கல்லுமே தெரிந்தன. பிறகு, அரிசியில் கல் பொறுக்கும் பெண்களின் கண்ணுக்கு வாய்க்கும் அந்த வேற்றுமை உணர்வு எனக்கும் வாய்த்தவுடன், நான் மிதித்து நின்ற இடமெல்லாம் சிப்பிகளாகவும் சங்குகளாகவும் இருப்பது தெரிந்தது. திருகாணி வடிவான டரிடெல்லா, கூம்பு வடிவான கோனஸ், பள்ளம் பள்ளமான பவளத் துண்டு, இன்னும் நான் பெயர் அறியாத எத்தனையோ. இன்றைக்கு 1 கோடியே 60 லட்சம் முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோஸீன் காலத்தின் ஒரு பகுதியில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் ஒன்று இங்கே உட்புகுந்திருந்ததற்கு இவை சாட்சி. கை நிறைய அள்ளப்போன என்னைச் சார் தடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். "முதல்ல எழுது. எந்த ஊரு, எந்தக் கரை, தண்ணியிலேருந்து எத்தனை அடி உயரம், களிமண்ணா கல்லா. அதுக்கப்புறம் எடு." கல்லில் இருந்து ஒன்றை எடுத்துவிட்டால் அதன் இருப்பிடம் நம் எழுத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கும் என்பதை அவர் அன்று விளக்கவில்லை, அவர் தாமே ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் சுற்றிப் பென்ஸிலால் எழுதிய நிதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடுவதில் உற்சாகம் உண்டு. ஆனால் என் மனம் உண்மையாகத் தோய்ந்தது வீட்டுத் திண்ணையில் நடந்த சுத்தப்படுத்தும் வேலையில்தான். களிமண்ணோடு வந்த சிப்பியை வெயிலில் காய வைக்கலாகாது. மண் சுருங்கும்போது ஓடும் சேர்ந்து வெடித்துவிடும். நிழலில் நாட்கணக்கில் உலரவிட்டு, பிறகு தண்ணீரில் மெதுவாக ஊறவைத்தால், களிமண் தானாகவே கரைந்து விலகும். கரைந்த சேற்றை எறிந்துவிடாமல் நெருக்கமான அரிப்பில் இட்டு அலச வேண்டும். அடியில் தங்கும் மணலில்தான் நுண்ணிய ஜீவராசிகள் இருக்கின்றன. பூதக்கண்ணாடியின் கீழ் அந்த மணலைப் பரப்பினால், சில மில்லிமீட்டர் குறுக்களவே உடைய தட்டையான வட்டங்கள் தென்படும். ஒற்றை உயிரணுவாலான ஒரு பிராணி, அறை அறையாகக் கட்டிக்கொண்ட வீடு அது. பம்பாயில் வைத்தியராக இருந்த ஹென்றி கார்ட்டர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வர்ணித்து மலபாரிகா என்று பெயரிட்ட இனம் இது. இன்று ஸூடோடாபெரினா மலபாரிகா என்று வழங்கும் இதைக் கண்ட இடத்தில் அந்தப் பாறை எந்தக் காலத்தது என்பதை மேலைக் கடற்கரைப் பிரதேசத்து ஆராய்ச்சியாளர்கள் நிச்சயித்துக்கொள்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்லில் இறுகியிருப்பவற்றைப் பிரிப்பது வேறு வகை வேலை. எங்கள் ஊர்த் தட்டாசாரி ஒருவர் தந்த பழைய சாமணமும், சைக்கிள் சக்கரத்துக் கம்பியைக் கூராக்கி மரப்பிடியில் செருகிய ஊசியும், மூங்கில் சிம்பும், தேய்ந்த பல் துலக்கும் பிரஷும் என் ஆயுதங்கள். ஊசியை ஓட்டை நோக்கிக் குத்தாமல், ஓட்டிலிருந்து வெளிப்புறமாகத் தள்ளிச் செல்ல வேண்டும். கல் எங்கே முடிந்து ஓடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னே விரல் நுனி அறிந்துகொள்ளும், ஏனெனில் ஊசியின் அடியில் கல் கரகரப்பாகவும் ஓடு வழுக்கலாகவும் படும். காடி முதலிய அமிலங்களில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. கல்லும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. அமிலம் இரண்டையும் ஒன்றாகவே தின்றுவிடும். சுறாமீனின் பல் மட்டும் பாஸ்பேட் கலந்தது ஆகையால், மிகவும் நீர்த்த அமிலத்தை அது தாங்கும். பிரித்தெடுத்தபின் உதிர்ந்துபோகக் கூடியவற்றின்மேல், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைச் சன்னமாகத் தடவி இறுக்குவது அக்காலத்து வழக்கம். இன்று மியூஸியங்களில் அஸிடோனில் கரையும் பாராலாய்டு என்ற பிசினைப் பயன்படுத்துகிறார்கள். வேண்டும்போது மறுபடியும் கரைத்து அகற்றிவிடலாம் என்பது அதன் விசேஷம். பின்னால் வருகிற ஒருவர் நம் கைவேலையை அகற்றிவிட்டு மேலும் நன்றாகப் பார்க்க வழி விட்டுவைப்பது உயர்ந்த தர்மம் என்றே எனக்குத் தோன்றுகிறது. திண்ணை முழுவதும் சேற்றுத் தட்டுகள் பரவிக் கிடந்ததைச் சகித்துக்கொண்ட அம்மை ஒருநாள், "இந்தச் சிப்பியளை எல்லாம் நீத்துனா வருசம் முழுக்க வெத்திலைக்குச் சுண்ணாம்பு வாங்க வேண்டாம், மக்களே," என்றாள். ஆனால் மழை வந்தபோது ஓடிவந்து அத்தட்டுகளை உள்ளே எடுத்துவைத்தவளும் அவளே.

ஒரு மாலையில் டரிடெல்லா ஒன்றின் கடைசிச் சுற்றுகளில் ஒட்டியிருந்த களிமண்ணை மூங்கில் சிம்பால் நீக்கிக்கொண்டிருந்தபோது, ஓட்டில் ஒரு சிறு துவாரம் திறந்தது. உடைந்ததால் உண்டானதன்று, விளிம்பு துல்லியமான வட்டம், வெளிப்புறம் அகன்று, உட்புறம் குறுகி, சரிவாக இறங்கியது. அதைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு மறுநாளே பூவாற்றுக்குப் போனேன். நெய்யாறு கடலோடு கலக்கும் அந்தப் பொழியின் மணலில் ஒதுங்கியிருந்த புதிய சிப்பிகளைப் புரட்டிப் பார்த்தால், அதே வட்டம், அதே சரிவு, பல சிப்பிகளில் இருந்தது. நாட்டிகா இனத்தைச் சேர்ந்த மாமிசபக்ஷிணி நத்தை தன் இரையைக் காலால் அணைத்துப் பிடித்து, அமிலத்தைச் சுரந்து ஓட்டை இளக்கி, நாக்கிலுள்ள பற்களால் அராவித் துளைத்து உள்ளிருப்பதை உண்ணும்போது விடும் அடையாளம் அது. மயோஸீன் கடலில் ஒரு டரிடெல்லா இறந்த விதத்தை, அது யாரால் கொல்லப்பட்டது என்பது உட்பட, எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் உள்ள கடற்கரையை வைத்துப் படித்துவிட முடிந்த அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக ஒன்றை நான் பிற்காலத்தில் அதிகம் அனுபவித்ததில்லை. களிமண்ணை அவசரமாகச் சுரண்டியிருந்தால் துவாரத்தின் மெல்லிய விளிம்பு போயிருக்கும்; விளிம்பு போனால் அது வெறும் ஓட்டைதான்.

வர்க்கலைக்கும் போனதுண்டு. பாபநாசம் கடற்கரையின் குன்றுச் சரிவில், களிமண் அடுக்குகளுக்கிடையே கருகிய மரமும் பழுப்பு நிலக்கரியும் வருகின்றன. அவற்றோடு கலந்த கந்தகக் கனிமம் ஈரக் காற்றில் வெண்பொடியாகப் பூத்து மரத்தையே பிளந்துவிடுகிறது. எங்கள் மழைப் பிரதேசத்தில் அவற்றைக் காப்பாற்றி வைப்பது பெரும் பிரயாசை. அக்குன்று பாதுகாக்கப்பட வேண்டிய பூகர்ப்பச் சின்னமாகப் பின்னர் அறிவிக்கப்பட்டதில் எனக்கு மிகுந்த திருப்தி உண்டு.

உத்தியோகம் கிடைத்தபின் திருச்சி ஜில்லாவுக்குப் போய்வரும் சந்தர்ப்பங்கள் வாய்த்தன. காரை கிராமத்துக்கு வெளியே, மரமற்ற, மழைநீர் அறுத்த களிமண் ஓடைகளின் பரப்பில் நின்றபோது, படப்பக்கரையில் காயலோரச் சிறு கீற்றாகப் பார்த்த கடலடியை இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் பார்த்தேன். இது இன்னும் பழமையான கிரேட்டேஷியஸ் கடல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. களிமண்ணின் வெடிப்புகளில் ஜிப்ஸம் படிகங்கள் பளபளக்க, அவற்றின் நடுவே பெலம்னைட் என்னும் பிராணியின் கூர்நுனி உள்ளோடுகள் சிதறிக் கிடந்தன. உடைந்த அம்மோனைட் துண்டு ஒன்றில், அறைச் சுவர் வெளி ஓட்டோடு சேரும் கோடு, கிளைத்தும் அக்கிளை மீண்டும் கிளைத்தும் மடிந்து மடிந்து சென்றது. நெய்யாற்றின்கரைப் பூஜையறையில் தொடாமல் பார்த்த சுருளின் உள்ளமைப்பை அங்கே வெயிலில் கையிலேந்திப் பார்த்தேன்.

இந்தப் பிரதேசத்துப் பாஸில்களைக் கேயும் கன்லிஃபும் சேகரித்து அனுப்ப, லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் வர்ணித்தார். அப்பால் ஹென்றி பிளான்போர்டு நிலத்தை அளந்து அடுக்குகளைப் பிரித்து 1862-இல் தம் நூலை வெளியிட்டார். அதன்மேல், மொரேவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா என்ற இளைஞர், கல்கத்தாவில் இருந்துகொண்டு, தென்னிந்தியக் கிரேட்டேஷியஸ் ஜீவராசிகளைப் பற்றிய மகத்தான வால்யூம்களை 1863 தொடங்கிப் பத்து வருஷங்களில் எழுதி முடித்தார். 1874-இல், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்ந்த மலைப்பாதையில், 36 வயதில் இறந்துபோனார். கல்கத்தாவில் மேஜைமுன் அமர்ந்திருந்தவருக்கு ஆயிரக்கணக்கான ஓடுகளைக் காலக்கிரமத்தில் நிறுத்துவது சாத்தியமானது, வெயிலில் அலைந்து சேகரித்தவர்கள் ஊட்டத்தூர், ஓடியம், அரியலூர் என்று ஒவ்வொன்றின் ஊரையும் எழுதி அனுப்பியதால்தான். நம் கிராமங்களின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் ஓரினத்துக்குக் கீழ் ஒன்றாக அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது, காயல் கரையில் சார் நீட்டிய நோட்டுப் புத்தகம் எத்தனை பெரிய பரம்பரையைச் சேர்ந்தது என்பது விளங்கிற்று.

சாத்தனூரில், 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஓடைக்கரையில் விழுந்தபடியே கிடக்கிறது. பிற்காலத்தில் இந்தியப் பூகர்ப்ப இலாகாவின் முதல் இந்திய டைரக்டர் ஆனவர் அவர். அந்த மரம் எங்கும் எடுத்துச் செல்லப்படாமல், கிடந்த இடத்திலேயே வேலியிட்டுக் காக்கப்படுவது மிகவும் சரியான காரியம். அதற்கு மாறான கதி கல்லமேட்டு எலும்புகளுக்கு நேர்ந்தது. அரியலூருக்கு அருகே கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான டைனோஸார் எலும்புகளுக்கு, 1980-களின் இறுதியில், யாதகிரியும் அய்யசாமியும் பிருஹத்காயோஸாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாக அது இருந்திருக்கக் கூடும் என்று மதிக்கப்படுகிறது; ஆயினும் ஈரம் உறிஞ்சி நொறுங்கும் தன்மையுடைய அவ்வெலும்புகள் மழையில் சிதைந்து மறைந்துவிட்டன. இப்போது கையில் இருப்பவை சித்திரங்களும் அளவுகளுமே. இந்தச் செய்தியைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிசினும் சணல் துணியும் பிளாஸ்டர் கட்டும் உரிய வேளையில் அங்கே போய்ச் சேர்வதற்கு மழைக்கு முன் சில வாரங்கள் கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். கிடைத்ததை உடனே இறுக்கு, கட்டு, பிறகு தூக்கு என்ற பாடத்தை எந்தப் பிள்ளைக்குக் கற்பித்தாலும் இந்த வரலாற்றைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

சார் காலமாகிவிட்டார். அவருடைய குறிப்புகள் என்னிடம் வந்தன; என்னுடையவற்றையும் சேர்த்து, மரப்பெட்டிகளோடு, சென்ற ஆண்டு பாறசாலைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு துண்டின் மறைவான ஓரத்திலும் வெள்ளைப் பூச்சு ஒரு பொட்டளவு இட்டு, அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதி, வார்னிஷ் தடவியிருக்கிறேன். எண்ணுக்குரிய ஊரும் கரையும் உயரமும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. பெட்டிகளைத் திறந்து பார்த்த ஆசிரியை, "சார், இதை எல்லாம் நல்லா கழுவி வைக்கட்டுமா?" என்று கேட்டார். பிரஷால் தூசி தட்டுவது தவிர வேறொன்றும் வேண்டாம், எண்ணும் புத்தகமும் பிரிந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தமிழிலும் சாருடைய இங்கிலீஷிலும் கலந்து எழுதிய அப்புத்தகத்தை மலையாளத்திலும் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்து, அழிந்துபோன பென்ஸில் எழுத்துகளை அவர்களுக்குப் படித்துச் சொல்கிறேன். இப்போது படப்பக்கரைப் பக்கங்கள் முடிந்து, காரையில் இருக்கிறோம்.